பிரேக் மிதித்தால் முன் பார்க்கிங் விளக்கு மினுங்கியது: காரணம் எர்த்

மேலூர் ரோட்டில் ஓடும் எங்கள் பழைய வேனில், பிரேக்கை மிதித்தால் வலது பின்விளக்கு மங்கும், கூடவே அந்தப் பக்க இண்டிகேட்டரும் லேசாக எரியும். பல்பு, ஃபியூஸ், பிரேக் சுவிட்ச் எல்லாம் மாற்றியும் பலனில்லை. எர்த் வயரை (கரண்ட் வண்டி பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) மீட்டரில் ஓம்ஸ், அதாவது மின்தடை, வைத்துப் பார்த்தால் நல்லாவே காட்டியது, அதில்தான் நாட்கள் வீணாயின.

துப்பு கிடைத்தது இங்கேதான்: பார்க்கிங் லைட்டை அணைத்துவிட்டு பிரேக் மிதித்தால் முன்பக்கப் பார்க்கிங் விளக்கு மினுங்கியது! பின்னாடி எர்த் கிடைக்காத கரண்ட், 21/5 வாட் இரட்டை இழை பல்பின் (பிரேக்குக்கு 21, பார்க்கிங்குக்கு 5) சின்ன இழை வழியாகப் பார்க்கிங் வயரில் புகுந்து, மற்ற விளக்குகளின் எர்த்தைத் தேடிப் போகிறது.

சரி என்று, ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி, விளக்கின் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வோல்ட் அளந்தேன். 0.2-க்குள் இருக்க வேண்டியது, 4-ஐத் தாண்டியது. ஓம்ஸ் மீட்டர் அனுப்புவது துளிக் கரண்ட், அதற்கு வயருக்குள் ஒரே ஒரு மெல்லிய கம்பி ஒட்டியிருந்தாலே போதும். லோடு ஏறினால்தான், அதாவது விளக்கு எரிந்து முழுக் கரண்ட் ஓடினால்தான், குட்டு வெளிப்படும்.

எர்த் போல்ட்டைக் கழற்றினால் அடியில் முழுக்கத் துரு. உப்புத்தாளில் தேய்த்து, வயர் முனையில் இருக்கும் லக்கை (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) புதிதாக அடித்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவினேன். அப்புறம் அளந்தால் 0.05.