பால் கணக்கை 365-ஆல் பெருக்காதீர்கள்

போன மாதம் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் வந்திருந்தார். பெங்களூரு வேலையை விட்டுவிட்டு பத்து மாடு வைத்துப் பண்ணை போடப் போகிறார். செல்போனில் எக்செல் கணக்கைத் திறந்து, “கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கண்ணா” என்று நீட்டினார். பார்த்ததும் எனக்கு என் பழைய நோட்டு ஞாபகம் வந்துவிட்டது. 2013-ல் நான் பேனாவில் செய்த அதே தப்பை அவர் கலர் கட்டம் போட்டுச் செய்திருந்தார்.

விலை விசாரிக்காமல் இறங்குவது, இன்சூரன்ஸை மறப்பது போன்றதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். முழுக் கணக்கும் சரியாக இருப்பது போலவே தெரிந்து, பின்னால் கழுத்தைப் பிடிப்பவை வேறு.

12 லிட்டர் மாடு என்று ஒரு மாடு கிடையாது

சந்தையில் தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்துக்கொண்டு “நேரத்துக்கு ஏழு, நாளைக்கு பதினாலு” என்றார். நான் புத்திசாலி அல்லவா, 2 லிட்டரைக் கழித்து 12 என்று போட்டுக்கொண்டேன். ஐந்து மாடு, ஆளுக்கு 12 லிட்டர், 365 நாள். நோட்டில் பால் ஆறாக ஓடியது. 3 லட்சம் கடன், மூன்று வருடம், மாதத் தவணை கிட்டத்தட்ட 10,000. கணக்குப்படி தவணை போக மிச்சமே நிறைய இருந்தது.

அந்த ஐந்தில் நல்ல மாடு ஒரு செவலை, ஜெர்சி கலப்பு, இரண்டாம் ஈத்து, அதாவது இரண்டாவது கன்று ஈன்றது. தினமும் கறந்ததை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். முதல் மாதம் சராசரி 11 லிட்டர். இரண்டாம் மாதம் 12. அதுதான் உச்சம். அப்புறம் மாதத்துக்கு ஒரு லிட்டர் என்று இறங்கி, பத்தாம் மாதம் 4. அதோடு வற்றிவிட்டது. கூட்டிப் பாருங்கள், மொத்தம் 2,490 லிட்டர். நோயில்லை, தீவனக் குறையில்லை. மாடு என்றால் இப்படித்தான். ஈன்று ஆறு முதல் எட்டு வாரத்தில் உச்சம் தொடும், பிறகு இறங்கும்.

சரி, 2,490 லிட்டர் ஒரு வருடத்துக்கா என்றால் அதுவும் இல்லை. செவலை அடுத்த கன்று ஈன்றது 14 மாதம் கழித்து. சினைக்காலம் 280 நாள் சொச்சம். வருடத்துக்கு ஒரு கன்று வேண்டுமென்றால் ஈன்ற மூன்று மாதத்துக்குள் சினை பிடித்தாக வேண்டும். செவலைக்கு மூன்று பருவம், அதாவது சினை பிடிக்கும் நேரம், தவறியது. இரண்டு முறை ராத்திரியில் பருவத்துக்கு வந்து போனதை நான் கவனிக்கவே இல்லை. ஒரு முறை சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. ஒரு பருவம் தவறினால் 21 நாள் போச்சு. அந்த 21 நாளும் மாடு தின்றுகொண்டுதான் இருக்கும்.

ஆக 2,490 லிட்டரை 14 மாதத்துக்குப் பிரித்தால் நாளுக்கு 6 லிட்டர்கூட முழுதாக வரவில்லை. தரகர் சொன்ன 14 லிட்டர் மாடு, நான் ‘ஜாக்கிரதையாக’ எழுதிய 12 லிட்டர் மாடு, உண்மையில் 6 லிட்டர் மாடு.

ரூபாயிலும் பார்த்துவிடலாம். 2022 நவம்பரில் ஆவின் பசும்பாலுக்கு அறிவித்த கொள்முதல் விலை, லிட்டர் 35 ரூபாயையே வைத்துக்கொள்வோம். கொழுப்பும் இதர சத்தும் சரியாக இருந்தால்தான் அந்த விலை. 14 மாதத்துக்கு 87,150 ரூபாய். அடர்தீவனம் (புண்ணாக்கு, தவிடு, தானியம் கலந்தது), நாளைக்கு உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, மேற்கொண்டு இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ, கடைசி இரண்டு மாதச் சினைக்குக் கொஞ்சம் கூடுதல் என்று கொடுத்தால், சுமார் 1,690 கிலோ ஆகும். கிலோ 28 ரூபாய் என்றால் 47,000-க்கு மேல். மிச்சம் 40,000-க்குக் கொஞ்சம் குறைவு. மாதத்துக்கு 2,850 ரூபாய் என்று வையுங்கள். பசுந்தீவனம், வைக்கோல், டாக்டர், கன்று குடித்த பால், தவணை எல்லாம் இதிலிருந்துதான்.

இதோடு விட்டிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். ஐந்து மாட்டையும் ஒரே தை மாதத்தில், எல்லாமே புதிதாக ஈன்றதாகப் பார்த்து வாங்கினேன். பால் நிறைய வரும் என்ற ஆசைதான். வந்தது. மாசி, பங்குனியில் பால் சொசைட்டிச் சீட்டைப் பார்த்து நானே மீசையை முறுக்கிக்கொண்டேன். ஒன்றாக ஈன்றது ஒன்றாகத்தானே வற்றும்? ஐப்பசியில் ஐந்தும் நாலு, மூன்று லிட்டர். கார்த்திகையில் கட்டுத்தரையில் ஐந்து மாடு நிற்கிறது, டீக்குப் பால் பாக்கெட் வாங்குகிறோம். தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்தது.

மாசியில் தாங்க முடியாமல் ஒரு மாட்டை விற்றேன். சினை மாட்டுக்குத்தான் விலை கிடைக்கும் என்று செவலையைக் கொடுத்தேன். அவசரத்தில் விற்பவனுக்கு என்ன விலை கிடைக்குமோ அது கிடைத்தது. பங்குனியில் அது நாலு கிலோமீட்டர் தள்ளி ஒருவர் வீட்டில் ஈன்று, 12 லிட்டர் கறந்தது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் இப்போதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அதனால் தம்பியிடம் சொன்னது இதுதான். முதலில் இரண்டு மாடு. நாலைந்து மாதம் கழித்து இரண்டு. அப்புறம் மறுபடி நாலைந்து மாதம். பத்து மாடு கட்டினால் எந்த நாளிலும் கறவையில் ஏழுதான் இருக்கும் என்று எழுதுங்கள். வாங்கப் போகும்போது ஒரு வேளைப் பாலைப் பார்த்து விலை பேசாதீர்கள். முந்தின நாள் சாயங்காலம் கறக்காமல் விட்டுக் காலையில் மடி கட்டிக் காட்டுவது பழைய வித்தை. விற்பவர் வீட்டுக்கே போய் சாயங்காலம், காலை, மறுபடி சாயங்காலம் என்று மூன்று கறவை பாருங்கள்.

வீட்டு ஆளுக்குக் கூலி இல்லை என்பது

என் கணக்கில் ‘ஆள் கூலி: 0’ என்று இருந்தது. காலை நாலரைக்கு எழுந்து சாணி அள்ளியது யார் என்று என் மனைவி கேட்டபோது பதில் இல்லை. மத்திய அரசின் வேளாண் செலவு மற்றும் விலைகளுக்கான ஆணையம்கூட, கையை விட்டுப் போகும் செலவை ஏ2 என்றும், அதோடு குடும்பத்தார் உழைப்பைச் சேர்த்ததை ஏ2+எஃப்எல் என்றும், சொந்த நிலத்தின் வாடகை, முதலுக்கான வட்டி எல்லாம் சேர்ந்ததை சி2 என்றும் தனித்தனியாகத்தான் போடுகிறது. நீங்களும் இரண்டு வரி எழுதுங்கள்: வீட்டார் உழைப்புக்குக் கூலி போட்டு ஒன்று, போடாமல் ஒன்று. முதல் வரி நஷ்டம், இரண்டாவது வரி லாபம் என்று வந்தால், உங்கள் பண்ணை ஓடுவது யார் முதுகில் என்று தெரிந்துவிடும்.

போன வருட விலையில் இந்த வருட வெள்ளாமை

2010 கடைசியில் ஈரோட்டில் மஞ்சள் குவிண்டால் 17,000 ரூபாய் வரை போனது. எங்கள் பக்கம் வாய்க்கால் மேடு தவிர மற்ற இடத்திலெல்லாம் மஞ்சள் நட்டார்கள். விதை மஞ்சளும் அந்த விலைக்கு ஏற்றபடி ஏறியிருந்தது. மஞ்சள் கைக்கு வர ஒன்பது பத்து மாதம் ஆகும். 2012-ல் விலை 4,000 பக்கம் வந்து நின்றது. உச்ச விலையில் செலவு, அடிமட்ட விலையில் வரவு.

இதிலேயே இன்னொரு குழி உண்டு. ஏக்கருக்குப் பத்து டன் என்று யாராவது சொன்னால் அது பச்சை மஞ்சள். வேகவைத்துக் காயவைத்தால் இரண்டு, இரண்டரை டன்தான். ஏலத்தில் கேட்கும் விலை காய்ந்ததற்கு. பச்சை எடையைக் காய்ந்த விலையால் பெருக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன், படித்தவர்கள்தான்.

ஒரு ஆடு வருடத்துக்கு நாலு குட்டி

வீடியோவில் போடும். கொட்டிலில் போடாது. சினைக்காலம் 150 நாள் என்பதால் வருடத்துக்கு இரண்டு ஈத்து, ஈத்துக்கு இரண்டு குட்டி என்று கணக்குப் போடுகிறார்கள். குட்டி பால் குடித்து, தாய் தேறி, மறுபடி பருவத்துக்கு வர வேண்டாமா? இரண்டு வருடத்தில் மூன்று ஈத்து கிடைத்தாலே நல்ல பராமரிப்பு. மழைக்காலத்தில் சாகும் குட்டிக்கும் கணக்கில் ஒரு கட்டம் விடுங்கள்.

தீவனப் புல்

கோ-4 கம்பு நேப்பியர் ஏக்கருக்கு வருடம் 150 டன் என்று படித்துவிட்டு மாடு வாங்காதீர்கள். சித்திரையில் உங்கள் கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஷெட்

மாடு வருவதற்கு முன்னால் தயாராக இருக்க வேண்டியது புல். ஷெட் அப்புறம்.

சாணம்

வரவுதான். உங்கள் ஊரில் ஒரு டிராக்டர் லோடுக்கு உண்மையிலேயே யார் காசு கொடுக்கிறார் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

இதர செலவுகள்: 2 சதவீதம்

தம்பியின் எக்செலில் கடைசி வரி இது. என் போன வருட நோட்டில் ‘இதர’ என்ற தலைப்பில் இருப்பவை: மோட்டார் ரீவைண்டிங் இரண்டு முறை, மடிநோய் ஊசி, பால் கேன், மூக்கணாங்கயிறு, மாடு மிதித்து என் கால் விரலுக்குப் போட்ட கட்டு.