மாங்கூழ் பல்ப்பருக்கு சிஇ குறி: எங்கே தொடங்குவது?

ஓசூர் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருப்பவர், கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் ஓடுவது போன்ற ஒரு பல்ப்பரை, அதாவது உள்ளே சுற்றும் துடுப்பால் பழத்தை நசுக்கிச் சல்லடை வழியே கூழாக்கும் இயந்திரத்தை, ஐரோப்பாவுக்கு விற்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்குச் சிஇ குறி வேண்டும்: இயந்திரம் ஐரோப்பியப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பொருந்துகிறது என்று தயாரிப்பவர் போடும் அடையாளம். எந்தத் தரநிலையை வாங்குவது என்ற கேள்வி அப்புறம். முதலில் நோட்டோடு இயந்திரத்தின் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

படி 1: எல்லையை எழுதுங்கள். யார் ஓட்டுவார், என்ன பழம், எப்படிக் கழுவுவார்கள்? பழம் அடைத்தால் கையை விட்டுத் தள்ளுவார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எதிர்பார்க்கக்கூடிய தவறான பயன்பாடும் உங்கள் கணக்கில்தான் வரும்.

படி 2: ஆபத்துகளைத் தேடுங்கள். பலர் ஓடும் நேரத்தை மட்டும் பார்க்கிறார்கள். பெங்களூரா மாம்பழ வரத்து குவியும் நாளில், ஷிஃப்ட் முடிந்து அவசரமாகச் சல்லடையைக் கழற்றும் நேரத்தைப் பாருங்கள். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே துடுப்பு கொஞ்ச நேரம் சுற்றும். கதவைத் திறந்தால் மோட்டார் நின்றுவிடும் என்பது அங்கே போதாது. துடுப்பு நிற்கும்வரை கதவு திறக்கக் கூடாது.

படி 3: ஒவ்வொன்றுக்கும் காயம் எவ்வளவு கடுமை, எத்தனை முறை கை அங்கே போகும், தப்பிக்க வழி உண்டா என்று மதிப்பிடுங்கள். மார்க் போடும் முறை உங்கள் விருப்பம்.

படி 4: குறையுங்கள். முதலில் வடிவமைப்பை மாற்றுவது, பிறகு காப்பு மூடி, கடைசியாக எச்சரிக்கை. இந்த வரிசை, இயந்திரப் பாதுகாப்புக்கான அடிப்படைத் தரநிலையான இஎன் ஐஎஸ்ஓ 12100 சொல்வது. மஞ்சள் ஸ்டிக்கரில் தொடங்குவது வெறும் சோம்பேறித்தனம்.

படி 5: இப்போது தரநிலை. ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரப்பூர்வ இதழில் பட்டியலிடப்பட்டவையே ஒத்திசைவுத் தரநிலைகள். கட்டாயமில்லை, ஆனால் பின்பற்றினால், அவை தொடும் சட்டத் தேவைகளை நிறைவேற்றியதாகவே எடுத்துக்கொள்வார்கள். அளவுகளும் தயாராகக் கிடைக்கும்: கம்பி வலையின் சதுரக் கண் 20 மி.மீ. என்றால், துடுப்பிலிருந்து அது 120 மி.மீ. தள்ளியாவது இருக்க வேண்டும் என்கிறது இஎன் ஐஎஸ்ஓ 13857. கண்ணை 40 ஆக்கினால் 200. கதவுப் பூட்டுக்கு 14119, மின்பகுதிக்கு 60204-1.

பல்ப்பருக்கு வெளியார் சான்றிதழ் தேவையில்லை, இயந்திரம் சட்டத்துக்குப் பொருந்துகிறது என்ற உறுதிமொழியில் நீங்களே கையெழுத்திடலாம். இந்த மதிப்பீடும் வரைபடங்களும் அடங்கிய ஆவணக் கோப்பை 10 ஆண்டு வைத்திருங்கள். இயந்திரங்களுக்கான ஐரோப்பியச் சட்டமான 2006/42/இசி உத்தரவுக்குப் பதிலாக 2023/1230 ஒழுங்குமுறை 2027 ஜனவரி 20 முதல் பொருந்தும். அதற்குப் பிறகு சந்தைக்குப் போகும் இயந்திரம் என்றால் ஒத்திசைவுத் தரநிலைப் பட்டியலைப் புதிய ஒழுங்குமுறையின் கீழ் பாருங்கள்.