பெயர் சேர்க்கும் முன் பிறந்த தேதியைப் பாருங்கள்

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வருகிறவர்கள் முதலில் எடுத்து நீட்டுவது ஆதாரைத்தான். பள்ளிக்கூட வேலையோடு பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வேலையும் பார்க்கிற எனக்கு இது தினசரிக் காட்சி. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபிறகு எஸ்.ஐ.ஆர். எனப்படும் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கான ஆவணங்களில் ஆதாரும் சேர்ந்தது உண்மை. ஆனால் அது அடையாளத்துக்கு மட்டும். குடியுரிமைக்கு வேறு கேட்போம்.

எது வேண்டும் என்பது பிறந்த தேதியைப் பொறுத்தது. 1-7-1987க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். தன் சான்று ஒன்று போதும். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண், இந்த விதியைக் காட்டித்தான் நீதிமன்றம் போய் பாஸ்போர்ட் வாங்கி, 2024இல் முதல்முறையாக ஓட்டுப் போட்டார். 1-7-1987 முதல் 2-12-2004 வரை பிறந்தவர் அப்பா அல்லது அம்மாவின் சான்றையும், அதற்குப் பின் பிறந்தவர் இருவருடைய சான்றையும் சேர்த்துக் காட்டவேண்டும்.

இதற்கு முந்தைய தீவிரத் திருத்தத்தின் பழைய வாக்காளர் பட்டியலில் பெயர் கிடைத்துவிட்டால் இந்த அலைச்சல் பெரும்பாலும் மிச்சம். தமிழ்நாட்டில் அது 2002ஆம் ஆண்டுப் பட்டியல், சில தொகுதிகளுக்கு 2005. இங்கேதான் பலர் திணறுகிறார்கள். வேளச்சேரி, மதுரவாயல், சோழிங்கநல்லூர் எல்லாம் 2008 மறுவரையறைக்குப் பின் வந்த தொகுதிகள். அந்தப் பெயரில் தேடினால் ஒன்றும் வராது. அந்தப் பழைய பட்டியல் வந்த காலத்தில் உங்கள் தெரு எந்தத் தொகுதியில் இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். பெயரைத் தட்டித் தேடுவதைவிட, பட்டியலில் அந்த வாக்குச்சாவடிக்கான பாகத்தை இணையத்திலிருந்து இறக்கி வீட்டு எண் வாரியாகப் படிப்பதே மேல். சுப்ரமணி, சுப்பிரமணியன் என்று ஒரே ஆளை இரண்டு விதமாக எழுதியிருப்பார்கள்.

2002 பட்டியலில் 1984க்குப் பின் பிறந்த யாரும் இருக்கமாட்டார்கள். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி பெயரைத் தேடுங்கள். கல்யாணமாகி வந்த பெண்கள் பிறந்த ஊர்ப் பட்டியலைத்தான் பார்க்கவேண்டும். மாமனார், மாமியார் பெயர் இதற்கு உதவாது. இதை எத்தனை வீட்டில் சொன்னாலும் மருமகள்களைவிட மாமியார்களுக்குத்தான் கோபம் வருகிறது!

பெயர் கிடைக்கவில்லையா? சரி, பீரோவைத் திறங்கள். பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாம் ஏற்கப்படும். 1-7-1987க்கு முன் கொடுத்த அப்பாவின் எல்.ஐ.சி. பத்திரமோ தபால் நிலைய பாஸ்புக்கோ கூடச் செல்லும். ரேஷன் கார்டும் பான் கார்டும் ஏற்கப்படும் ஆவணங்களின் பட்டியலில் இல்லை.

அப்புறம், பெயர் சேர்க்கக் கொடுக்கும் படிவம் 6இல் இந்தியக் குடிமகன் என்று கையெழுத்துப் போடுகிறீர்கள். தெரிந்தே பொய் சொன்னால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நோட்டீஸ் வந்தால் பயப்படாமல் அசல்களோடு விசாரணைக்குப் போங்கள். மனுவைத் தள்ளிவிட்டால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் இல்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம்.