ரேஞ்ச்ஃபைண்டர் மங்கலா? தூசியா, ரசம் போனதா என்று முதலில் பாருங்கள்

யாஷிகா எலெக்ட்ரோ 35, கேனோனெட், மினோல்டா ஹை-மேடிக் என்று 1960, 70களின் ஜப்பானிய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்கள் (இரண்டு பிம்பங்களைப் பொருத்தி ஃபோகஸ் செய்பவை) இன்றும் நிறையக் கிடைக்கின்றன. லென்ஸ் பளிச்சென்று இருக்கும், ஷட்டரும் ஓடும். வியூஃபைண்டரில் கண்ணை வைத்தால் மட்டும், ஃபோகஸ் செய்ய நடுவில் தெரிய வேண்டிய சிறு கட்டம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, கண்ணாடிகளில் படிந்த அழுக்கு. இன்னொன்று, உள்ளே இருக்கும் பாதி ரசக் கண்ணாடியின் ரசம் உதிர்ந்துபோவது. முதலாவதற்குத் துடைத்தால் போதும். இரண்டாவது இருக்கும்போது துடைத்தால் மிச்ச ரசமும் பஞ்சோடு வந்துவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது

முன்பக்கம் ஒரு பெரிய ஜன்னல், தள்ளி ஒரு சிறிய ஜன்னல். பெரிய ஜன்னலுக்குப் பின்னால் 45 டிகிரி சாய்வில் பாதி ரசம் பூசிய மெல்லிய கண்ணாடி நிற்கிறது. நேரே வரும் காட்சி அதை ஊடுருவிக் கண்ணுக்கு வரும். சிறிய ஜன்னல் வழியே வரும் காட்சி ஒரு முழு ரசக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, பாதி ரசத்தில் எதிரொளித்து, முதல் காட்சியின் மேல் விழும். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் ஒரு நெம்புகோல் இரண்டாவது காட்சியைப் பக்கவாட்டில் நகர்த்தும். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும் இடமே ஃபோகஸ்.

திறக்கும் முன் சோதனை

இருட்டறையில் கண் வைக்கும் துளை வழியே டார்ச் அடித்து, முன் ஜன்னல்களைச் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். பால் போல வெண்மை படர்ந்திருந்தால் அது புகைப்படிவு. ஃபோகஸ் மரையில் பூசிய பழைய கிரீஸின் எண்ணெய் ஆவியாகிக் கண்ணாடிகளில் படிவது இதற்கு ஒரு வழக்கமான காரணம். இந்த நிலையில் வியூஃபைண்டர் முழுவதுமே கலங்கலாகத் தெரியும்.

முழுக் காட்சியும் தெளிவாக, வழக்கத்தைவிட வெளிச்சமாகக்கூட இருந்து, கட்டம் மட்டும் மங்கியிருந்தால் ரசம் போயிருக்க வாய்ப்பு அதிகம். ரசம் இல்லாத வெறும் கண்ணாடி ஒரு பரப்பில் ஏறக்குறைய 4% ஒளியைத்தான் திருப்பும். முன் பரப்பு, பின் பரப்பு இரண்டும் தனித்தனியே திருப்புவதால், மங்கலான பிம்பம் இரட்டையாகவும் தெரியலாம்.

லைக்கா எம்3 வைத்திருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் இருப்பது தனிக் கண்ணாடி அல்ல, கனடா பால்சம் என்ற பிசின் கொண்டு ஒட்டிய பட்டகம். ஒட்டு விட்டால் கட்டம் கறுத்துவிடும். அது வீட்டு மேசையில் செய்யும் வேலை இல்லை.

திறக்காமலே ஒரு தற்காலிக வழி

கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் 3 மி.மீ. சதுரம் வெட்டி, பெரிய ஜன்னலின் நடுவில், கட்டம் தெரியும் இடத்துக்கு நேராக ஒட்டுங்கள். நேர்க்காட்சி அங்கே மட்டும் இருளும். அதன் மேல் விழும் மங்கல் பிம்பம் எடுத்துத் தெரியும். ஒரே கேமராவை வைத்துக் கற்றுக்கொண்டிருப்பவர்களுக்கு இதுவே போதும் என்பது எங்கள் கருத்து.

தேவையானவை

ஜப்பானியத் தரமான ஜேஐஎஸ் கூட்டல்முனைத் திருப்புளிகள் (சாதாரண பிலிப்ஸ் முனை முழுதாக உட்காராமல் வழுக்கித் திருகின் தலையைச் சிதைக்கும்), 1.5 மற்றும் 2 மி.மீ. தட்டை முனைகள், இரு கூர்முனை லென்ஸ் ஸ்பேனர், காற்றுப் பந்து, பஞ்சுக்குச்சி, 99% ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், காய்ச்சி வடித்த நீர். திருகுகளைக் கழற்றிய வரிசையில் போட்டு வைக்க இட்லித் தட்டைவிட நல்ல பாத்திரம் கிடையாது. ஒவ்வொரு படியையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேல்மூடியைக் கழற்றுதல்

ஃபிலிமையும் பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். பின்கதவைத் திறந்து, ஃபிலிம் சுருளைப் பிடிக்கும் கவட்டையில் ஒரு பென்சிலைச் செருகி அசையாமல் பிடித்தபடி, மேலே உள்ள ரீவைண்ட் கைப்பிடியை இடப்பக்கமாகச் சுற்றினால் கழன்று வரும். அடுத்து, ஃபிலிம் நகர்த்தும் லீவரின் மேல் இருக்கும் மூடி. ஸ்பேனரை அதன் இரண்டு துளைகளில் பொருத்தித் திருகுங்கள். மசியாவிட்டால் பலம் கொடுக்காமல் மறுபக்கம் முயலுங்கள். சில மாடல்களில் இடம்புரி மரை உண்டு. பிறகு மேல்மூடியின் ஓரத் திருகுகள். இவற்றின் நீளம் ஒன்றுபோல் இருக்காது. இடம் மாறினால் மூடி சரியாக உட்காராது.

மூடியைச் சட்டென்று தூக்காதீர்கள். எலெக்ட்ரோ 35 ஜிஎஸ்என் போல ஹாட் ஷூ (ஃபிளாஷ் செருகும் மின் இணைப்பு இடம்) உள்ள மாடல்களில் மூடிக்கும் உடலுக்கும் இடையே ஒயர் ஓடும். ஒயர் நீளம் போதுமானால் மூடியைப் பக்கத்தில் சாய்த்து வைத்தே வேலை செய்யலாம்.

துடைத்தல்

எல்லாவற்றுக்கும் முன்னால் காற்றுப் பந்து. மணல் துகள் இருக்கும்போது துடைத்தால் கீறல்தான் விழும். முன் ஜன்னல்கள் மூடியோடு வந்துவிடும்; அவற்றின் உட்புறத்தையும், கண் வைக்கும் லென்ஸையும் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைக்கலாம். குச்சி ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. நடுவில் உள்ள பால்நிறத் தகடு பெரும்பாலும் பிளாஸ்டிக். ஆல்கஹால் பட்டால் வெடிப்பு விழலாம், அதனால் தண்ணீர் மட்டும்.

ரசம் வெளிப்பரப்பில் இருக்கும் கண்ணாடிகள்தான் ஆபத்தான இடம். வீட்டுக் கண்ணாடியில் ரசம் பின்னால் பத்திரமாக இருக்கும். இங்கே அப்படி இல்லை. காற்று ஊதியும் போகாத படிவு இருந்தால், காய்ச்சி வடித்த நீர் தொட்ட குச்சியால் ஒரு மூலையில் மட்டும், எடை கொடுக்காமல், ஒரே திசையில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பஞ்சில் சாம்பல் அல்லது பொன்னிறம் ஒட்டினால் உடனே நிறுத்துங்கள்.

கட்டம் தெளிந்ததா என்று பார்க்கும்போது மேலே கறுப்புத் துணி போட்டுக்கொள்ளுங்கள். மூடி இல்லாதபோது அறை வெளிச்சம் உள்ளே புகுந்து, நன்றாக இருக்கும் கட்டத்தையும் மங்கலாகக் காட்டும்.

ரசம் போயிருந்தால்

பழைய கண்ணாடியின் நீளம், அகலம், தடிமனை வெர்னியரில் அளந்து, எந்தப் பக்கம் ரசம் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பீம் ஸ்ப்ளிட்டர் என்ற பெயரில் மாற்றுக் கண்ணாடி கிடைக்கும். தடிமன் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். பாதிக்குப் பாதி வகையில் கட்டம் பளிச்சென்று வரும், ஆனால் நேர்க்காட்சி ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சமாக, இருளும். 30% எதிரொளித்து 70% விடும் வகையே கண்ணுக்கு இதம். வெட்டுவதானால் லென்ஸ் பேப்பரின் மேல் ரசப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, ரசமில்லாத பக்கத்தில் கண்ணாடி வெட்டியால் ஒரே ஒரு கோடு. ஒன்றிரண்டு உடையும், கூடுதலாக வாங்குங்கள்.

பழைய கண்ணாடி நின்ற இடத்தின் மூலைகளை ஊசியால் கீறி அடையாளம் வைத்த பிறகே பசையைச் சுரண்டி எடுங்கள். புதியதை ஒட்ட சூப்பர் க்ளூ வேண்டவே வேண்டாம். அதன் ஆவி சுற்றியுள்ள எல்லாக் கண்ணாடிகளிலும் வெண்படலமாகப் படியும், துடைத்த வேலை வீண். மெதுவாக இறுகும் எபாக்ஸி இரண்டு மூலைகளில் கடுகளவு போதும். இறுகும் முன் பிம்பத்தைப் பார்த்து நிலையைத் திருத்த நேரமும் கிடைக்கும். ரசப்பக்கம் பழையபடியே இருக்கட்டும். திருப்பி வைத்தால் பிம்பம் விலகும், நிழல் பிம்பமும் சேரும்.

அளவு சரிபார்த்தல்

கண்ணாடியை மாற்றினால் இது கட்டாயம். லென்ஸை முடிவிலிக் குறியில் வைத்து, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள செல்போன் கோபுரத்தையோ நிலவையோ பாருங்கள். ரேஞ்ச்ஃபைண்டர் பகுதியில் அரக்கு வைத்த சிறு திருகுகள் இருக்கும். ஒன்று பிம்பத்தை மேல்கீழாகவும் இன்னொன்று பக்கவாட்டிலும் நகர்த்தும். எது எது என்பது மாடலுக்கு மாடல் மாறும். திருகின் தொடக்க நிலையைக் குறித்துவிட்டுக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிப் பாருங்கள். முதலில் மேல்கீழ், பிறகு பக்கவாட்டு, மறுபடி மேல்கீழ். ஒன்றைத் தொட்டால் மற்றது சற்று நகரும்.

அடுத்து 1 மீட்டர். ஜன்னலிலிருந்து அளக்கக் கூடாது, ஃபிலிம் இருக்கும் தளத்திலிருந்து அளக்க வேண்டும். கட்டம் பொருந்தும்போது வளையம் 1 மீட்டரைக் காட்ட வேண்டும். முடிவிலி சரியாக இருந்து இது மட்டும் பிசகினால் நெம்புகோலின் நீளம் மாறியிருக்கிறது. புதியவர்கள் அதை வளைக்கப் போக வேண்டாம்.

திருகுகளின் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வையுங்கள். அது முழுக்கக் காய்ந்த பிறகே மூடியைப் போடுங்கள், அதன் ஆவியும் உள்ளே அடைபட வேண்டாம்.