ஐந்தாம் ஆறாம் மாதத்தில் ஊருக்குப் போகிறீர்களா?

சத்தியும் ஓங்காளமும் அடங்கி, வயிறு இன்னும் பாரமாகாத 14 முதல் 27 வரையான கிழமைகள்தான் கர்ப்பிணிகள் ஊருக்குப் போய்வர வசதியான காலம். முடிந்தால் 20ஆம் கிழமையை ஒட்டி எடுக்கும் ஸ்கானை முடித்துவிட்டுப் புறப்படுங்கள். பல விமான நிறுவனங்கள் 28 கிழமைக்குப் பிறகு மருத்துவரின் கடிதம் கேட்கும். அதனால் போகும் நாளில் எத்தனை கிழமை என்று மட்டும் பார்க்காமல், திரும்பும் நாளையும் கணக்குப் பாருங்கள். பயணக் காப்புறுதி கர்ப்பகாலச் சிக்கலையும் குறைமாதப் பிரசவத்தையும் ஏற்குமா என்பதை வாசித்து உறுதிசெய்வது நல்லது.

விமானத்தில் முதலில் கவனிக்க வேண்டியது கால்கள். கர்ப்பத்தில் இரத்தம் உறையும் தன்மை கூடும். மணிக்கணக்காக அசையாமல் இருந்தால் காலில் இரத்தக்கட்டி உண்டாகும் ஆபத்தும் கூடும். நடைபாதை ஓர இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். எப்படியும் அடிக்கடி கழிப்பறைக்கு எழும்பத்தான் போகிறீர்கள், அந்த நடை நல்லதே. அழுத்தக் காலுறை உங்களுக்குத் தேவையா, என்ன அளவு என்று மருத்துவரிடம் கேளுங்கள். இருக்கைப் பட்டியை வயிற்றின் மேல் அல்ல, கீழே இடுப்பெலும்போடு போடுங்கள்.

அப்புறம், கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கிய கையோடு யாழ்ப்பாணத்துக்கு வான் வண்டியில் ஏறும் பழக்கம். நீண்ட பறப்பு முடிந்து இன்னும் ஏழெட்டு மணித்தியாலம் மடங்கிக் கிடந்தால் முதுகும் காலும் தாங்காது. வழியில் ஓரிரவு தங்குங்கள். காத்திருக்கும் சொந்தக்காரர் கொஞ்சம் முணுமுணுக்கட்டும், பரவாயில்லை. தங்க முடியாவிட்டால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது இறங்கி நடக்க வேண்டும்.

ஊர் வெக்கையில் பின்னேரமானால் இரண்டு கணுக்காலும் வீங்குவது சாதாரணம். காலை உயர்த்தி வைத்துப் படுங்கள், மோதிரத்தை முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். இரவில் கெண்டைக்கால் பிடித்தால் கால்விரல்களை உங்கள் பக்கமாக இழுத்து நீட்டினால் விடும். இந்த மாதங்களில் இரத்த அழுத்தம் இயல்பாகவே சற்று இறங்கும். அதோடு வெயிலும் சேர்ந்தால் தலைசுற்றும். சட்டென்று எழும்பாதீர்கள். மல்லாந்து படுக்கும்போது மயக்கம் வந்தால், கருப்பை பெரிய இரத்தக்குழாயை அழுத்துகிறது என்று அர்த்தம். இடப்பக்கம் சரிந்தால் தெளியும்.

நெஞ்செரிவைக் கிளப்புவது பெரும்பாலும் விருந்தாட்டம்தான். ஒரே நாளில் நாலு வீடு ஏறாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், சாப்பிட்ட உடனே படுக்க வேண்டாம். மலச்சிக்கலுக்குப் பயணமும் இரும்புச்சத்துக் குளிசையும் காரணம். அதற்காகக் குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தண்ணீரைக் கூட்டுங்கள், கொதித்தாறிய நீரோ முத்திரையிட்ட போத்தலோ மட்டும். திரும்பிப் படுக்கும்போதோ தும்மும்போதோ அடிவயிற்றின் ஓரத்தில் சுளீரென்று இழுத்து உடனே விடும் வலி, கருப்பையைத் தாங்கும் தசைநார் நீள்வதால் வருவது, பயமில்லை. விட்டுவிட்டு ஒழுங்காக வரும் வலி அப்படியல்ல, அதைக் காட்டித்தான் ஆகவேண்டும்.

தலையிடி, முதுகுவலிக்குப் பனடோல் (பரசிற்றமோல்) அளவோடு எடுக்கலாம். இபுபுரோபன், டைக்குளோபினாக் வேண்டாம், அதிலும் 20 கிழமைக்குப் பிறகு கட்டாயம் வேண்டாம். மருந்துக் கடையில் வாய்திறந்து கர்ப்பம் என்று சொல்லுங்கள். டெங்கு இருந்தால் இபுபுரோபன், டைக்குளோபினாக் குளிசைகள் இரத்தக்கசிவையும் கூட்டும். ஆகவே காய்ச்சல் வந்தால் வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தாமல் அன்றே இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். டீட் (DEET) கலந்த கொசுத் தடுப்பு மருந்தைக் கர்ப்பிணிகளும் பூசலாம்.

இரத்தப்போக்கு, நீர் கசிதல், விடாத தலையிடியோடு கண் மங்குதல், முகமும் கையும் திடீரென வீங்குதல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல், பழகிய பிள்ளைத் துடிப்புக் குறைதல்: இவற்றில் எது வந்தாலும் "நாளைக்குப் பார்ப்போம்" என்பதற்கு இடமில்லை. இலங்கையில் 1990 இலவச அம்புலன்ஸ் சேவை, தமிழ்நாட்டில் 108. இரத்த வகை, ஸ்கான் அறிக்கை, எடுக்கும் மருந்துகளின் பட்டியல் எல்லாவற்றையும் படமெடுத்து உங்கள் போனிலும், கூட வருபவர் போனிலும் வைத்திருங்கள்.