நாயின் தோல் புண்ணுக்கு மனித ஆன்டிபயாடிக்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாய்க்குத் தோலில் புண் வந்தால் வீட்டில் இருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கொடுக்கலாமா என்று, மழைக்காலம் தொடங்கிவிட்டால் என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் இதற்கு விடை சொல்ல முடியாது. தோல் தொற்றுக்கு அதிகம் எழுதப்படும் செஃபலெக்சின் என்ற ஆன்டிபயாடிக், மனிதருக்கும் நாய்க்கும் ஒரே மருந்துதான். மருந்துக் கடையில் எளிதில் கிடைக்கிறது என்பதால் கால்நடை மருத்துவர்களாகிய நாங்களே பல நேரங்களில் மனிதர்களுக்கான மாத்திரையைத்தான் சீட்டில் எழுதுகிறோம். ஆகவே மனித மருந்து என்ற காரணத்தால் மட்டும் அது நாய்க்கு நஞ்சாகிவிடாது. ஆனால் நஞ்சாகாத மருந்தைக் கொடுத்தே ஒரு நாயின் தோலை மாதக்கணக்கில் கெடுத்துவிட முடியும் என்பதை, முதன்முறையாக நாய் வளர்க்கத் தொடங்கியவர்களிடம் திரும்பத் திரும்பக் காண்கிறேன். காலாவதியான மாத்திரையைக் கொடுப்பது, பக்கத்து வீட்டு நாயின் சீட்டைக் காட்டி மருந்து வாங்குவது போன்ற வெளிப்படையான தவறுகளை இங்கே விட்டுவிடுகிறேன். நன்கு படித்தவர்களும் நாயிடம் உயிரையே வைத்திருப்பவர்களும் செய்யும் தவறுகளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

சொறி என்றாலே பாக்டீரியா என்று முடிவு கட்டுவது

நாயின் வயிற்றில் சீழ்க் கொப்புளங்களும், கொப்புளம் உடைந்த இடத்தில் ஓரம் வட்டமாக உரிந்த செதில்களும் இருந்தால் அது பெரும்பாலும் பாக்டீரியாத் தொற்றுதான். ஆனால் வட்டமாக முடி கொட்டுவது படர்தாமரையிலும் உண்டு. அது பூஞ்சை, எந்த ஆன்டிபயாடிக்கும் அதைத் தொடாது. அக்குளிலும் காதிலும் விரல் இடுக்கிலும் பிசுபிசுப்புடன் ஊசிய எண்ணெய் வாடை வீசினால் மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சையை நினைக்க வேண்டும். கண்ணைச் சுற்றியும் முன்னங்கால்களிலும் முடி கொட்டிய குட்டிக்கு டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய பூச்சி, மயிர்க்கால்களுக்குள் பெருகியிருக்கலாம். இந்த மூன்றுக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்துக் காத்திருப்பது வீண்.

இவற்றைப் பிரித்தறிய பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒட்டும் டேப் ஒன்றைப் புண்ணின் மேல் அழுத்தி எடுத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். சீழ் அணுக்களுக்கு உள்ளேயே உருண்டை வடிவப் பாக்டீரியா தென்பட்டால் அது தொற்று. நிலக்கடலை வடிவில் மொட்டு விட்ட ஈஸ்ட் தென்பட்டால் வழி வேறு. டெமோடெக்ஸைத் தேட, அறுவைக் கத்தியின் விளிம்பால் தோலை இரத்தம் லேசாகக் கசியும் வரை சுரண்டிப் பார்ப்போம். உங்கள் மருத்துவர் இதைச் செய்யாவிட்டால், செய்யச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

"நாய்தானே, பாதி மாத்திரை போதும்"

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னை எரிச்சலூட்டுவது இந்தக் கணக்குதான். மனிதனைவிட நாய் சிறியது, ஆகவே மனிதனுக்கு ஒன்று என்றால் நாய்க்குப் பாதி என்று நியாயமாகத் தோன்றுவதால்தான் இது இவ்வளவு பரவலாக இருக்கிறது. உண்மை நேர்மாறானது. தோல் தொற்றுக்குச் செஃபலெக்சின், நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 22 முதல் 30 மில்லிகிராம் வரை, ஒரு நாளைக்கு இரண்டு வேளை தேவைப்படும். 32 கிலோ எடையுள்ள லாப்ரடாருக்கு ஒரு வேளைக்கே சுமார் 750 மில்லிகிராம் என்று ஆகிறது. அதன் எடையைப்போல் இரண்டு மடங்கு எடையுள்ள உரிமையாளருக்குக்கூட மருத்துவர் பெரும்பாலும் 500 மில்லிகிராம் மாத்திரையைத்தான் எழுதியிருப்பார்.

தாம்பரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா தம் லாப்ரடாரை அழைத்து வந்திருந்தார். வயிறு முழுக்கச் செதில் வளையங்கள், முதுகில் அந்து அரித்த கம்பளம்போல் திட்டுத் திட்டாக முடி கொட்டியிருந்தது. கையில் ஒரு துணிப்பை; அதற்குள் மாத்திரை அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் சில குழிகள் காலியாக இருந்தன, சிலவற்றில் கத்தியால் நறுக்கிய பாதி மாத்திரை ஈரம் கோத்து மஞ்சளாகியிருந்தது. "சூடு தாங்காது டாக்டர், அதான் பாதிப் பாதியா ராத்திரி மட்டும் கொடுத்தேன்" என்றார். ஆன்டிபயாடிக் என்றால் உடம்புக்குச் சூடு என்பது நம் வீடுகளில் ஊறிப்போன எண்ணம். நாயின் மேல் உள்ள பாசத்தால்தான் அவர் அளவைக் குறைத்தார். 500 மில்லிகிராம் செஃபலெக்சினில் பாதி, ஒரு நாளைக்கு ஒரு வேளை. நாளொன்றுக்கு 1500 மில்லிகிராம் வேண்டிய நாய்க்கு 250, அதாவது தேவையில் ஆறில் ஒரு பங்கு.

அந்த ஆறில் ஒரு பங்கு என்ன செய்கிறது என்பதை விளக்கியாக வேண்டும். செஃபலெக்சின் வகை மருந்துகள் இரத்தத்தில் எவ்வளவு உயரத்துக்கு ஏறுகின்றன என்பதைவிட, பாக்டீரியாவைத் தடுக்கும் அளவுக்கு மேல் எவ்வளவு நேரம் நிற்கின்றன என்பதைப் பொறுத்தே வேலை செய்கின்றன. கொடுத்த மருந்து சில மணி நேரத்தில் சிறுநீர் வழியாக வெளியேறிவிடும். இரவில் மட்டும் கொடுத்த பாதி மாத்திரை, விடிவதற்குள் தன் வலுவை இழந்துவிட, அடுத்த நாள் முழுவதும் பாக்டீரியாவுக்குத் தடையே இல்லை. எளிதில் சாகக்கூடியவை செத்து, தாக்குப்பிடிக்கக்கூடியவை மட்டும் எஞ்சிப் பெருகும். நாயின் தோல் தொற்றில் பெரும்பாலும் காணப்படும் ஸ்டெஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ், வெளியிலிருந்து வந்தது அன்று. அது நாயின் மூக்கிலும் வாயிலும் ஆசனவாயைச் சுற்றியும் எப்போதும் குடியிருப்பது. ஆகவே தேறி நின்ற அந்த வலுத்த வகை, புண் ஆறிய பிறகும் அதே நாயின் உடம்பில் மாதக்கணக்கில் தங்கியிருக்க முடியும்.

அந்த லாப்ரடாரின் கதை அதோடு முடியவில்லை. மருந்து கேட்கவில்லை என்று அவர் மருந்துக் கடைக்குப் போக, அங்கே "இதைவிடப் பவரானது" என்று செஃபிக்ஸிம் கொடுத்திருக்கிறார்கள். செஃபிக்ஸிம் விலையிலும் பெயரிலும் உயர்ந்ததாக இருக்கலாம். ஆனால் ஸ்டெஃபைலோகாக்கஸைப் பொறுத்தவரை அது செஃபலெக்சினைவிட வலுக்குறைந்தது. அதையும் பாதியாக்கி ஐந்து நாள். பிறகு சிப்ரோஃப்ளாக்சசின், அதுவும் அரிப்பு குறைந்தவுடன் நிறுத்தம். சித்திரையில் ஒரு கைப்பிடி அளவில் தொடங்கிய புண், ஐப்பசி மழையில் உடம்பெங்கும் பரவிய பிறகுதான் என்னிடம் வந்தது. சீழை எடுத்து, அதிலுள்ள பாக்டீரியா எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று காட்டும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினோம். அறிக்கையில் செஃபலெக்சின், அமாக்சிசிலின் கிளாவுலனேட், செஃபிக்ஸிம், சிப்ரோஃப்ளாக்சசின், கிளிண்டாமைசின் என்று வரிசையாக எல்லாவற்றுக்கும் நேரே எதிர்ப்பு என்ற குறி இருந்தது. மிஞ்சியவை அமிகாசின் ஊசியும் ரிஃபாம்பிசினும் தான். முன்னது சிறுநீரகத்தையும் பின்னது கல்லீரலையும் பாதிக்கக்கூடியவை; ரிஃபாம்பிசின் மனிதர்களின் காசநோய்க்கு நாம் நம்பியிருக்கும் மருந்தும்கூட. முதல் வாரத்திலேயே சரியான அளவில் கொடுத்திருந்தால் செஃபலெக்சினோடு முடிந்திருக்க வேண்டிய நோய் அது.

எவ்வளவு நாள் என்ற கேள்விக்கும் இங்கேயே விடை சொல்லிவிடுகிறேன். மேலோட்டமான தொற்றுக்கு மூன்று, நான்கு வாரங்கள் என்று எழுதுவது முன்பு வழக்கமாக இருந்தது; இப்போது இரண்டு வாரம் கொடுத்து நாயை மறுபடி பார்த்து முடிவு செய்வதே முறை. சீழ் ஆழமாக இறங்கிய புண்ணுக்கு அதைவிடக் கூடுதல் காலம் பிடிக்கும். எப்படியானாலும், நிறுத்துவதை முடிவு செய்ய வேண்டியது மறுபரிசோதனை. நாய் சொறிவதை நிறுத்திவிட்டது என்பது அதற்குப் போதிய காரணம் அன்று. நாயை எடை போட்டு, கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்று கணக்கிட்டு, சோற்றோடு கலந்து இரு வேளையும் தவறாமல் கொடுங்கள். வாந்தியோ பேதியோ கண்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக அளவைக் குறைக்க வேண்டாம்.

அலமாரியில் மிஞ்சியதைக் கொடுப்பது

வெறும் அமாக்சிசிலின் தோல் தொற்றுக்குப் பயன்படாது. தோலில் உள்ள ஸ்டெஃபைலோகாக்கஸில் பெரும்பாலானவை அதை உடைக்கும் நொதியைச் சுரக்கின்றன. மெட்ரோனிடசோல் காற்றில்லா இடத்தில் வாழும் பாக்டீரியாவுக்கானது, தோல் தொற்றில் அதற்கு வேலை இல்லை. அளவு மீறினால் நாய் தள்ளாடத் தொடங்கும். சிப்ரோஃப்ளாக்சசின் மனிதக் குடலில் உறிஞ்சப்படுவதுபோல் நாயின் குடலில் சீராக உறிஞ்சப்படுவதில்லை, நாய்க்கு நாய் மாறுபடும். அதனால்தான் அந்த வகையில் மருந்து தேவைப்படும்போது நாங்கள் என்ரோஃப்ளாக்சசினைத் தேர்ந்தெடுக்கிறோம். வளரும் குட்டிகளுக்கு இந்த வகை மருந்துகள் மூட்டுக் குருத்தெலும்பைச் சிதைக்கும். வலிப்பு உள்ள நாய்க்கு வலிப்பைத் தூண்டும்.

குழந்தைகளுக்கான சிரப்

சில சிரப்புகளில் இனிப்புக்காக சைலிட்டால் சேர்க்கப்படுகிறது. நாயின் இரத்தச் சர்க்கரையை அது சட்டென்று வீழ்த்தும், கல்லீரலையும் கெடுக்கும்.

வலிக்கு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக்

கொடுக்கவே கூடாது.

எல்லாம் கலந்த களிம்பு

மருந்துக் கடையில் தோல் அரிப்புக்கென்று கேட்டால், ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து, குளோபெட்டசால் என்ற வீரியமிக்க ஸ்டீராய்டு ஆகியவை ஒரே குழாயில் அடைத்த களிம்பு கைக்கு வந்துவிடுகிறது. இரண்டே நாளில் சிவப்பு அடங்கும். அதனால் மருந்து வேலை செய்கிறது என்ற நம்பிக்கை வந்துவிடும். உண்மையில் ஸ்டீராய்டு அரிப்பை மறைத்துக்கொண்டு, தோலை மெலிதாக்கி, டெமோடெக்ஸ் இருந்தால் அதைப் பெருக விடுகிறது. பூசியதில் பாதியை நாய் நக்கி விழுங்கிவிடும். சொரியாசிஸுக்கு வீட்டில் யாராவது கால்சிபோட்ரையால் களிம்பு பயன்படுத்தினால் அந்தக் குழாயை நாய் எட்டாத இடத்தில் வையுங்கள். சிறிதளவு விழுங்கினாலும் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் செயலிழக்கும். ஓரிரு சிறு புண்களுக்கு ஸ்டீராய்டு கலக்காத மியூபிரோசின் களிம்பு உதவும், அதுவும் மருத்துவர் சொன்னால்.

புண்ணில் பழைய இன்ஜின் ஆயில், மண்ணெண்ணெய் பூசுவது

வேண்டாம்.

தொற்றை ஆற்றிவிட்டுக் காரணத்தை விட்டுவிடுவது

நாய்க்குத் தோல் தொற்று தானாக வருவது அரிது. தெள்ளுப்பூச்சிக் கடி ஒவ்வாமை, உணவு ஒவ்வாமை, சுற்றுப்புற ஒவ்வாமை, டெமோடெக்ஸ், தைராய்டு குறைபாடு, இவற்றில் ஏதோ ஒன்று பின்னால் இருக்கும். வால் அடியிலும் தொடையின் பின்பக்கத்திலும் மட்டும் திரும்பத் திரும்பப் புண் வந்தால் முதலில் தெள்ளுப்பூச்சியைத் தேடுங்கள். நாயை வெள்ளைக் காகிதத்தின் மேல் நிறுத்திச் சீப்பால் வாருங்கள். உதிரும் கருப்புத் தூளை ஈரப் பஞ்சால் ஒற்றினால் செம்பழுப்பாகப் படிந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். மேலே சொன்ன லாப்ரடாருக்கும் மூல காரணம் இதுவே.

குளியலை மருந்தாகக் கருதாதது

மேலோட்டமான தொற்றுக்கு முதலில் நாட வேண்டியது மாத்திரையை அன்று, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்பூவை. 2 முதல் 4 சதவீதம் குளோர்ஹெக்சிடின் உள்ளதை வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை பயன்படுத்தினால் பல நாய்களுக்கு மாத்திரையே தேவைப்படுவதில்லை. மாத்திரைகளை எதிர்த்து நிற்கும் பாக்டீரியாவையும் அது கொல்கிறது என்பதுதான் அதன் பெரிய பலம். தாம்பரத்து லாப்ரடாரை ஊசி போடாமலேயே தேற்ற முடிந்தது இந்தக் குளியலாலும் தெள்ளுப்பூச்சி மருந்தாலும்தான், ஆனால் அதற்குப் பல வாரங்கள் பிடித்தன. மனிதர்களின் சோப்பு இதற்கு மாற்றாகாது. நாயின் தோல் நம் தோலைவிட மெல்லியது, அதன் அமிலத்தன்மையும் குறைவு.

ஷாம்பூவைத் தேய்த்த கையோடு தண்ணீர் ஊற்றிவிடுவதால்தான் பலருக்குப் பலன் கிடைப்பதில்லை. நுரை தோலில் 10 நிமிடம் நிற்க வேண்டும், நுரை வந்த நேரத்திலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிடுங்கள். புண் அதிகமுள்ள இடத்தில் முதலில் தேய்த்துவிட்டு மற்ற இடங்களுக்குப் போனால், அந்த இடத்துக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும். கண்ணிலும் காதுக்குள்ளும் படக் கூடாது. நன்றாக அலசி, அக்குளையும் விரல் இடுக்கையும் துண்டால் ஒற்றி, ஈரம் போகும் வரை மின்விசிறிக்கு அடியில் நாயை நிறுத்துங்கள்.