கீழ்ப்படிகிறோம் சரி, எதற்காக?

"கர்த்தர் சொன்னார், செய்கிறேன்" என்று சொல்லிவிடலாம். கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் நரக பயம், ஆசீர்வாதம் வரும் என்ற ஆசை, சபையில் நல்ல பெயர், நடுவில் கொஞ்சம் உண்மையான அன்பு என்று எல்லாம் கலந்துதான் கிடக்கும். அதனால் நோக்கம் சுத்தமாகட்டும், பிறகு கீழ்ப்படியலாம் என்று காத்திருக்காதீர்கள். மத்தேயு 21இல் வரும் இரண்டு மகன்களில், திராட்சத்தோட்டத்துக்குப் போகமாட்டேன் என்றவன் பிறகு மனம் மாறிப் போகிறான், "போகிறேன் ஐயா" என்றவன் போகவே இல்லை. தகப்பன் சித்தப்படி செய்தவன் யார் என்றுதான் இயேசு கேட்கிறார். மனம் வராத நாளிலும் மன்னிப்புக் கேளுங்கள், கடனைத் திருப்பிக் கொடுங்கள்.

பயத்தில் தொடங்கினால் வெட்கப்பட வேண்டாம். நரக பயத்தால் வரும் மனஸ்தாபம், அதாவது பாவத்துக்காக வருந்துவது, குறையுள்ளதுதான், ஆனாலும் அது கடவுளின் கொடையே என்று 1551இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் சொன்னது. அங்கேயே தங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அங்கிருந்து நகர, பத்துக் கட்டளைகளை யாத்திராகமம் 20இன் இரண்டாம் வசனத்திலிருந்து படியுங்கள். பலர் மூன்றிலிருந்து மனப்பாடம் செய்கிறார்கள். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து உன்னைப் புறப்படப்பண்ணினவர் நானே என்று சொல்லிவிட்டுத்தான் கட்டளையே வருகிறது. கடினமான ஒரு கட்டளைக்கு முன்னால் நின்றால், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பதிலாக, ஏற்கெனவே எதிலிருந்து மீட்கப்பட்டோம் என்று யோசியுங்கள்.

அப்புறம் நோக்கத்துக்கு ஒரு சோதனை. யாருக்கும் தெரியாமல் ஒரு உதவி செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள், மத்தேயு 6 சொல்வது போல. யாரிடமாவது சொல்லத் துடிக்கிறதா? துடித்தாலும் உதவியை நிறுத்த வேண்டாம், சொல்வதை மட்டும் நிறுத்துங்கள்.

இதைவிடக் கூர்மையான சோதனை லூக்கா 15இன் மூத்த மகன், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த தம்பிக்குத் தகப்பன் விருந்து வைத்ததும் கோபப்பட்டவன். ஒருநாளும் கட்டளையை மீறவில்லை என்கிறான், அதே மூச்சில் எனக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூடத் தரவில்லையே என்கிறான். வீட்டிலேயே இருந்துகொண்டு கூலிக்காரன் மாதிரி கணக்கு வைத்திருக்கிறான். கண்டபடி வாழ்ந்த ஒருவர் மனந்திரும்பி வந்து, எல்லோரும் கொண்டாடும்போது உங்களுக்கு வயிறு எரிந்தால், உங்களிடமும் அந்தக் கணக்கு இருக்கிறது. அதை ஜெபத்தில் மழுப்பாமல் சொல்லுங்கள், "எனக்கு என்ன கிடைத்தது?" என்றே கேட்டுவிடுங்கள். மூத்தவன் அப்படிக் கேட்டதற்குத் தகப்பன் திட்டவில்லை. எனக்குள்ளதெல்லாம் உன்னுடையது என்றுதான் சொன்னார். ஜெபத்தில் சொல்லி முடித்ததும், மனந்திரும்பி வந்த அந்த மனிதரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள்.